இரும்பும் யானையும்

நுழையும்முன்

விழுப்புரத்திற்கும் திருச்சிக்கும் இடையிலான இருப்புப்பாதை அரியலூர் வழியே செல்கிறது. தொடர்வண்டி ஏற விரும்பும் பெரம்பலூர் மக்களும் அரியலூருக்கே வருகின்றனர். அதே மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு, இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வலசை வருகின்றன. வண்டியின் கூவலையும் பறவையின் குரலையும் ஒரே மண்ணில் கேட்கும் நமக்கு, இவ்விரண்டு உலகங்களையும் ஒருசேர நேசித்த ஓர் ஆங்கில ஓவியரை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

டேவிட் ஷெப்பர்டு 1931-இல் இலண்டனில் பிறந்தார். ஓவியராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவன்று. ஆப்பிரிக்கக் காடுகளில் காவலராவதே அவர் விருப்பம். பள்ளிப்படிப்பை முடித்ததும் கென்யாவுக்குச் சென்றார். அங்கு அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பறவை ஓவியங்களை வரைந்து விற்று, ஊர் திரும்பக் கப்பற்கட்டணம் சேர்த்தார். திரும்பியபின், இலண்டனின் ஸ்லேடு ஓவியப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. இறுதியில் ராபின் குட்வின் என்னும் ஓவியர் அவரை மாணவராக ஏற்று மூன்றாண்டுகள் பயிற்றுவித்தார். திறமை என்பது பிறவியிலேயே வாய்ப்பது என்று எளிதாகப் பேசிவிடுகிறோம். ஷெப்பர்டின் வாழ்வில் அந்த மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சிறிதே.

தொடக்கத்தில் அவர் வானூர்திகளையே வரைந்தார். 1960-இல் பிரிட்டன் வான்படை அவரைக் கென்யாவுக்கு அழைத்துச் சென்றது. நாள்தோறும் வானூர்திகளையே பார்த்துச் சலித்த வீரர்கள், அவற்றை விடுத்து அந்நாட்டுக்குரிய எதையேனும் வரையும்படி கேட்டனர். ஓடுதளத்தில் வானூர்தியை விரட்டும் காண்டாமிருகம் ஒன்றை அவர் வரைந்தார். 25 பவுண்டு பெற்றுத் தந்த அவ்வோவியமே அவர் தீட்டிய முதல் காட்டுயிர் ஓவியம். அதன்பின் யானைகள் அவருடைய தூரிகையை விட்டு அகலவில்லை. அவர் வரைந்த முதிய யானை ஒன்றின் அச்சுப்படிகள் இங்கிலாந்தின் மருந்துக்கடைகளில் கூட விற்பனையாகி, எளியோர் வீட்டுச் சுவர்களையும் அடைந்தன.

அவரை ஓவியர் என்ற நிலையிலிருந்து காட்டுயிர்க் காவலராக மாற்றியது தான்சானியாவில் கண்ட ஒரு காட்சி. வேட்டையர் நஞ்சு கலந்த நீர்நிலை ஒன்றின் கரையில் 255 வரிக்குதிரைகள் இறந்து கிடந்தன. எந்த உயிர்களை வரைந்து பொருள் ஈட்டினாரோ, அந்த உயிர்களுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவர் கருதினார். அக்கடனைத் தூரிகையாலேயே அடைக்கத் தொடங்கினார். 1973-இல் இந்தியாவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, ‘டைகர் ஃபயர்’ என்னும் அவருடைய ஓவியத்தின் வழியே 1,27,500 பவுண்டு திரண்டு அத்திட்டத்திற்கு வந்து சேர்ந்தது. நம் காட்டுப் புலிகளின் வாழ்வில் அவருக்கும் சிறு பங்குண்டு.

அவர் நெஞ்சில் இடம்பிடித்த மற்றொரு பேருரு நீராவி எந்திரம். 1960-களில் பிரிட்டன் நீராவி எந்திரங்களை விரைந்து கைவிட்டது. முழு வலிமையுடன் இருந்தவையும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. கரியும் புகையும் படிந்த எந்திரக் கொட்டகைகளில் நின்று, அவற்றின் இறுதி நாள்களை ஷெப்பர்டு வரைந்தார். ஓவியத்தில் மட்டும் காப்பது அவருக்குப் போதவில்லை. 1967-இல் நியூயார்க்கில் நடந்த தம் ஓவியக் காட்சியின் வருவாயைக் கொண்டு இரண்டு எந்திரங்களை விலைக்கு வாங்கினார்! ஒன்றுக்குக் ‘கருப்பு இளவரசன்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1959-இல் உருவான அவ்வெந்திரத்திற்கு அப்போது வயது எட்டு மட்டுமே. இவற்றை நிறுத்தி ஓட்டுவதற்காகவே, சாமர்செட் பகுதியில் கிழக்குச் சாமர்செட் இருப்புப்பாதை உருவாக அவர் முன்னின்றார். 1980-களின் தொடக்கத்தில், அருகிலிருந்த கற்சுரங்கத்தில் 2,178 டன் எடையுள்ள வண்டியைக் கருப்பு இளவரசன் இழுத்துக் காட்டியது. சுண்ணாம்புக்கல் சுமந்து செல்லும் வண்டிகளை நாள்தோறும் காணும் அரியலூர் மாணவர்களுக்கு அந்த எடையின் பொருள் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

சாம்பியாவில் தந்தத்திற்காக நடந்த யானை வேட்டையைத் தடுக்க, ஷெப்பர்டு தம் ஓவியங்களை விற்று உலங்கு வானூர்தி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா, பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த நீராவி எந்திரம் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். யானைக்கு ஈடாக எந்திரம்!

1984-இல் தம் பெயரால் காட்டுயிர் அறக்கட்டளை ஒன்றை நிறுவிய ஷெப்பர்டு, 2017 செப்டம்பரில் மறைந்தார். அவர் நேசித்தவற்றுள் ஒரு முரண் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீராவி எந்திரம் நிலக்கரியை எரித்து ஓடியது. இருப்புப்பாதைகள் காடுகளைப் பிளந்து சென்றன. யானைக்கும் எந்திரத்திற்கும் அவர் உள்ளத்தில் இருந்த நட்பு நிலத்தில் எங்கும் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் இவ்விரண்டையும் காணலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரப் பாதையில் ஏறும் நீலகிரி மலைத் தொடர்வண்டிக்கு 2005-இல் உலகப் பாரம்பரியச் சிறப்புக் கிடைத்தது. அதற்கான புதிய நீராவி எந்திரங்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்களே உருவாக்கினர். ஒரு பழந்தொழில்நுட்பம் காட்சிப்பொருளாகாமல் தொழிலாளர் கைகளில் தொடர்வதை அங்கே காண்கிறோம்.

கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையிலோ நிலைமை வேறு. அங்கே யானைகளின் வழித்தடத்தை இருப்புப்பாதை குறுக்கிடுகிறது. வண்டி மோதி யானைகள் பல இறந்துள்ளன. 2024-இல் வனத்துறை அங்கே கோபுரங்கள் எழுப்பி, செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் வெப்ப உணர் கேமராக்களைப் பொருத்தியது. இருளில் யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து எச்சரிக்கை பெறும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். யானைகள் தம் நடையில் பாதையைக் கடக்கின்றன.