காவலுக்குப் போன பழைய கப்பல்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பான்காரன் கொழும்பிலே குண்டு போட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. அதற்கு நாலு நாள் கழித்து நம் கிழக்குக் கடலில் மூழ்கிய 'வம்பயர்' என்ற கப்பலைப் பற்றித்தான் இம்முறை பாடம். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வம்பயர் ஒரு நாசகாரிக் கப்பல். 1917இல் இங்கிலாந்தில் கட்டியது. 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கொடுத்தார்கள். யுத்தம் தொடங்கும்போதே பழசு. மத்தியதரைக் கடலில் அதையும் கூட வந்த நாலு கப்பலையும் ஜேர்மன்காரர் பழைய இரும்பு என்று கேலி பண்ணினார்கள். அந்தப் பழைய இரும்புதான் 1941 டிசம்பர் 10ஆம் திகதி, மலாயாக் கடலில் இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கியபோது இருநூறு பேருக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியது.

1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, குண்டுவீச்சு வரப்போகுது என்று தெரிந்து, திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு வம்பயர் காவல். ஆனால் ஹேர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை! கொழுந்து இல்லாத தொழிற்சாலை மாதிரி. அனுப்பியவர்களைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை துறைமுகத்திலும் குண்டு விழுந்ததே.

அன்று காலை மட்டக்களப்புக்கு அப்பால் யப்பான் விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன. முதலில் ஹேர்மிஸ் போனது, முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு வம்பயர் இரண்டாக உடைந்தது. அதன் தலைவர் வில்லியம் மொரன் உயிர் தப்பவில்லை. தண்ணீரில் கிடந்த அறுநூறு பேரளவில் 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போனது.