நானூறு கோடிக்கு மேற்பட்ட ஓர் எண்

ஒன்றினும் பெரிய முழு எண்களுள், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண் எனப்படும். 2, 3, 5, 7 முதலியன அவ்வினத்தன. பிற எண்ணால் வகுபடுவது பகு எண். 15 பகு எண் என்பதை நொடியில் கூறிவிடலாம். பத்து இலக்கமுடைய ஓர் எண்ணின் இனத்தை அறிதல் அத்துணை எளிதன்று. 4294967297 என்னும் எண்ணின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு ஆகிய இவ்வெண் பிறக்கும் வகையைக் காண்போம். இரண்டை இரண்டால் பெருக்க 4 வரும். அவ்வாறு வரும் ஒவ்வோர் எண்ணையும் அதனாலேயே பெருக்கிச் செல்ல, 16, 256, 65536, 4294967296 என்பன முறையே கிடைக்கும். 2 முதலாகிய இவ்வெண்கள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டுக. 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் வரிசை அமையும்.

பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் நீதித்துறைப் பதவி வகித்தவர் ஃபெர்மா என்னும் கணித மேதை. அவர் 1640ஆம் ஆண்டில் இவ்வரிசையை ஆராய்ந்தார். முதல் ஐந்து எண்களும் பகா எண்களே. வரிசையை எவ்வளவு நீட்டினும் வருவன யாவும் பகா எண்களாகவே இருக்கும் என அவர் நம்பினார். அதனை அறிஞர் ஒருவர்க்குக் கடிதத்தில் எழுதினார். தம்மிடம் முறையான நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைத்திலர்.

ஆறாம் எண்ணே நாம் எடுத்துக்கொண்டது. அது ஒற்றை எண்; ஆதலின் 2ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆதலின் 3ஆல் வகுபடாது. ஈற்றில் 7 நிற்றலின் 5ஆல் வகுபடாது. மேலும் பற்பல பகா எண்களால் வகுத்துப் பார்ப்பினும் மீதியே எஞ்சும். சோர்வுற்றோர் ஃபெர்மாவின் கூற்றே மெய்யென்று அமைந்துவிடுவர்.

கோல்ட்பாக் என்னும் அறிஞர் 1729ஆம் ஆண்டில் இக்கூற்றை ஆய்லரின் கவனத்திற்குக் கொணர்ந்தார். உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கில் பணியாற்றிய ஆய்லர், பெரியார் கூற்று என்பது கருதி வாளா இருந்திலர். 1732ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், அவ்வெண் 641ஆல் வகுபடும் என்று காட்டினார். 641ஐ 6700417ஆல் பெருக்கினால் 4294967297 வருதலை நீங்களே செய்து காணலாம். இவ்விரு காரணிகளும் பகா எண்கள். எனவே நம் எண் இரண்டே பகாக் காரணிகளையுடைய பகு எண்ணாயிற்று.

இதற்குரிய விதியையும் ஆய்லர் பின்னர் நிறுவினார். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகிறது. நெறியறிந்து முயல்வோர்க்கு உழைப்புச் சுருங்கும்.

ஃபெர்மாவின் பெருமை இதனால் குன்றவில்லை. அவர் பெயராலேயே இவ்வெண்கள் இன்றும் வழங்குகின்றன. முதல் ஐந்திற்குப் பின் இவ்வரிசையில் பகா எண் ஒன்றும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று நிறுவினாரும் இலர். ஐந்து சான்றுகள் ஒத்திருத்தல் ஆறாவதற்கு உறுதியாகாது. சான்றோர் கூற்றைப் போற்றுக. போற்றியபின் அதனைச் சோதித்தும் அறிக.