நோய்க்கு விலை போடும் மூன்று கணக்குகள்

எந்த நோயின் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் என்று முடிவெடுக்கும் குழு, ஆரோக்கியத்துக்கு ஏதோ ஒரு விலை போட்டுத்தான் ஆகவேண்டும். போடாவிட்டால் செல்வாக்குள்ள துறை அள்ளிக்கொண்டு போகும். மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை.

நோய்ச் செலவுக் கணக்கு எளிது. மருத்துவச் செலவோடு, நோயாலும் சாவாலும் போன வருமானத்தைக் கூட்டுவது. அமெரிக்காவில் டாரத்தி ரைஸ் 1966-இல் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார். ஆனால் வருமானம்தான் அளவுகோல் என்றால், எழுபது வயதுக்காரரின் மூட்டுவலிக்கு மருத்துவச் செலவைத் தாண்டி அநேகமாக மதிப்பே இல்லை. அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு மட்டும் இதை எடுக்கலாம்.

அடுத்தது, சாவின் ஆபத்து சற்றுக் குறைய மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று பார்ப்பது. தாமஸ் ஷெல்லிங் 1968-இல் முன்வைத்த வழி. தொகைகள் மலைக்க வைக்கும்: புற்றுநோய் மரணம் நிரந்தரமாக 1 சதவீதம் குறைந்தால் அமெரிக்கர்களுக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 50,000 கோடி டாலர் என்று கெவின் மர்ஃபியும் ராபர்ட் டோப்பலும் 2006-இல் கணக்கிட்டார்கள். நிதி கேட்பவர்களுக்கு இந்த முறை பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கொடுக்கும் மனம் கையிருப்பைப் பொறுத்தது. ஏழைகளைத் தாக்கும் காலா அசார் நோய்க்கு இந்தத் தராசில் எடை குறைவு.

மூன்றாவது முறை பணத்தை விட்டு, இழந்த ஆரோக்கியமான ஆண்டுகளை எண்ணுகிறது. உலக வங்கியின் 1993 அறிக்கை பரப்பிய ‘டாலி’ இதுதான். ஏழை நாட்டில் நோய்களை ஒப்பிட நான் இதையே எடுப்பேன். எந்த ஊனத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற சண்டை இதிலும் ஓயவில்லை என்பது வேறு விஷயம். ஒரு மருந்தை வாங்கலாமா என்று மட்டும் பார்ப்பதானால், பிரிட்டனின் நைஸ் அமைப்பு பயன்படுத்தும் ‘குவாலி’ பொருத்தம்; சிகிச்சையால் கிடைக்கும் ஆண்டுகளை வாழ்க்கைத் தரத்தோடு சேர்த்து எண்ணுவது அது.

ஆனால் நோய்ச்சுமை பெரிது என்பதாலேயே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவிடக் கூடாது. இருக்கும் மருந்து போய்ச் சேராததாலும் சுமை பெரிதாக இருக்கலாம். அதைச் சேர்க்கும் வழியைத் தேடும் ஆராய்ச்சிதான் அப்போது தேவை. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், அதே மருந்தை வீட்டிலிருந்தே ஓராண்டு சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ கிடைக்கிறது என்று 1959-இல் காட்டியது. செலவுக் கணக்கில் இதன் மதிப்பு மிச்சமான படுக்கைகள். டாலியை நோயாளிக்கு நோயாளி ஒப்பிட்டால் லாபம் பூஜ்யம்! படுக்கை கிடைக்காமலே போயிருக்கக்கூடியவர்களையும் சேர்த்தால்தான் உண்மையான மதிப்பு தெரியும். எனவே எந்த முறையை எடுத்தாலும், ஆய்வின் முடிவு யாருக்குப் புதிதாகச் சிகிச்சை தரும் என்று கேளுங்கள்.

அவசரமும் ஆகாது. பிரிட்டனில் இதய நோய் ஆராய்ச்சியை அலசிய 2008 அறிக்கை, செலவுக்கும் பலனுக்கும் நடுவே சுமார் 17 ஆண்டு இடைவெளி வைத்தது. ஆரோக்கியப் பலன் ஆண்டுக்கு 9 சதவீதம், பொருளாதாரத்துக்கு வரும் பலன் 30 சதவீதம் என்று தனித்தனியே காட்டியது. உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பம் இரண்டையும் கூட்டி 39 என்று ஒரே எண்ணாகச் சொன்னால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.