கரை ஒதுங்கும் எண்ணெய்: கழிமுகப் பகுதியினர் கவனத்திற்கு

கடலில் எண்ணெய் கொட்டினால் அது மீனவர்களின் கவலை என்று உழவர்கள் எண்ணிவிடுகிறார்கள். கழிமுகத்தை ஒட்டி இறால் வளர்ப்போருக்கும் ஆடுமாடு மேய்ப்போருக்கும் அந்தக் கவலை உண்டு.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் தெற்கே நகர்ந்து, எர்ணாவூர் கரைப் பாறைகளில் தார் போல ஒட்டியது. அதை வாளிகளால் அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெயோ எண்ணூர் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. இவ்விரண்டில் பின்னதே அதிகக் கவலை தருவது. காரணம் கழிமுகச் சேறு.

எண்ணெயின் இலேசான பகுதி முதல் சில நாட்களில் ஆவியாகிவிடும். தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் ஆகியவற்றை உண்டாக்குவது இந்த ஆவியே. இதிலுள்ள பென்சீனை நெடுங்காலம் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரலாம்.

கனமான பகுதியை பாக்டீரியாக்கள்தான் சிதைக்க வேண்டும். வெறும் வைக்கோலை உரக்குழியில் போட்டால் எளிதில் மக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தழைச்சத்தும் காற்றோட்டமும் தேவை. எண்ணெய்க்கும் அப்படியே. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கூழாங்கல் கரைகளில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட உரமிட்டுச் சிதைவை விரைவுபடுத்தினார்கள். (அதே இடத்தில் வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவிய கரைகளில் சிப்பிகளும் பாசிகளும் வெந்து மடிந்தன. அவசரத்தில் செய்யும் துப்புரவும் கேடுதான்.) ஆனால் காற்றுப் புகாத சேற்றில் உரமிட்டும் பயனில்லை, எண்ணெய் பல ஆண்டுகள் கிடக்கும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் அது படிந்தால் துளைகள் அடைபட்டு மரம் பட்டுப்போகும்.

மட்டியும் ஆளியும் நீரை வடிகட்டி உண்பவை. எண்ணெயின் நஞ்சுகளை மீனின் கல்லீரல் ஓரளவு சிதைத்து வெளியேற்றும். மட்டிக்கு அத்திறன் மிகக் குறைவு. ஆகவே, சந்தைக்கு மீன் வரத்தொடங்கிவிட்டது என்பதற்காக மட்டி எடுக்கலாகாது. சோதனை முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும்.

எண்ணெய் கசிந்த செய்தி கிடைத்தவுடன் இறால் பண்ணையாளர்கள் மதகை அடைத்து, நீர் மாற்றுவதை நிறுத்த வேண்டும். தீவனத்தைக் குறைத்து, ஏரேட்டரை ஓட்டிச் சமாளிக்கலாம். எண்ணெய் மேலேதானே மிதக்கிறது என்று அடிநீரை இறைக்காதீர்கள். அலையடியில் அது நுண்துளிகளாகி நீருக்குள் கலந்திருக்கும். சோப்புத்தூள் கொட்டினாலும் இதே கேடுதான்: எண்ணெய் மறையுமே தவிர அகலாது.

அள்ளச் செல்வோர் ரப்பர் பூட்சும் கையுறையும் அணிதல் அவசியம். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அருகே போகக் கூடாது. தோலில் பட்டால் மண்ணெண்ணெய் கொண்டு துடைக்காமல், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவவும்.

அள்ளிய எண்ணெய்ச் சேற்றை வயலோரம் கொட்டவோ குழிதோண்டிப் புதைக்கவோ வேண்டாம். எண்ணெய் படிந்த மண்ணில் நீர் இறங்காது; இருக்கும் தழைச்சத்தையும் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். அதிகாரிகள் எடுத்துச் செல்லும்வரை மூடிய பீப்பாயில் வைத்திருங்கள். ஆடுமாடுகளைக் கழிமுக ஓரத்தில் மேயவிடாமல், கட்டுத்தறியிலேயே தீவனமும் கிணற்று நீரும் கொடுத்து வாருங்கள்.