நாட்டின் வளர்ச்சியும் வீட்டின் வளமும்

ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், பணிகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப்படும். இது விரைந்து பெருகினால் எளிய மக்களின் வாழ்க்கைத் தரமும் உயருமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

தோழியரே, முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு தெருவில் ஐந்து வீடுகள். ஒரு வீட்டின் மாத வருமானம் ரூ. 1,00,000, மற்ற நான்கிற்கும் தலா ரூ. 10,000. சராசரி ரூ. 28,000. அந்தப் பணக்கார வீட்டின் வருமானம் மட்டும் இரு மடங்கானால், சராசரி ரூ. 48,000 ஆகிவிடும். தெரு வளர்ந்துவிட்டது! ஆனால் நான்கு வீட்டு அடுப்பிலும் பழைய உலைதானே?

இது வெறும் கற்பனையன்று. பிரேசில் நாட்டில் 1968 முதல் 1973 வரை உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 10 விழுக்காட்டிற்கு மேல் பெருகியது. ‘பிரேசில் அற்புதம்’ என்று உலகமே வியந்தது. ஆனால் 1964இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சி தொழிற்சங்கங்களை ஒடுக்கியது. குறைந்தபட்சக் கூலி விலைவாசிக்கு ஈடாக உயரவில்லை. நிலமும் பெரும் பண்ணையார்களிடமே இருந்தது. 1960, 1970 ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், நாட்டு வருமானத்தில் செல்வர்களின் பங்கு கூடியதும் ஏழைகளின் பங்கு குறைந்ததும் தெரிகிறது.

தென் கொரியா வேறு வழியில் சென்றது. 1949இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரு குடும்பம் 3 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. குத்தகை உழவர்கள் தவணையில் விலை செலுத்தி நில உரிமை பெற்றனர். தொடக்கக் கல்வியும் எங்கும் பரவியது. ஆகவே 1960களில் தொழிற்சாலைகள் பெருகியபோது, படித்த இளைஞர்கள் ஆயத்தமாக இருந்தனர். 1960இல் ஏறத்தாழ 55 ஆண்டுகளாக இருந்த சராசரி ஆயுள் இன்று 80ஐத் தாண்டிவிட்டது. ஆயினும் அங்கும் குறை இல்லாமலில்லை. நம் வயதுப் பெண்கள் தையல் ஆலைகளில் சொற்பக் கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். குறைந்தபட்சக் கூலி 1988இல்தான் அங்கு நடைமுறைக்கு வந்தது.

இதனால் வளர்ச்சி வேண்டாம் என்பதில்லை. குளத்தில் நீர் இல்லாவிடில் வயலுக்கு எதைப் பாய்ச்சுவது? ஆனால் குளம் நிறைந்தால் மட்டும் போதுமா? கடைமடை வரை வாய்க்கால் வேண்டும். நிலம், கல்வி, மருத்துவம், நியாயமான கூலி ஆகியவையே அவ்வாய்க்கால்கள்.

எனவே, ‘நாடு இத்தனை விழுக்காடு வளர்ந்தது’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது, ‘கடைசி வீட்டிற்கு என்ன கிடைத்தது?’ என்றும் கேட்கப் பழகுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி