கனமான சரவுண்ட் ஸ்பீக்கரை சீலிங்கில் மாட்டுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்க்க 5.1 ஸ்பீக்கர் செட்டும் வந்துவிட்டது. முன்பக்க ஸ்பீக்கர்களை மேசையில் வைத்துவிடலாம். பின்பக்கத்து இரண்டையும் எங்கே வைப்பது? சோபாவுக்குப் பின்னால் இடம் இல்லாத வீடுகளில் சீலிங்தான் வழி. கைக்கு அடக்கமான சிறிய ஸ்பீக்கர் என்றால் கவலை இல்லை. 5 கிலோ மரப்பெட்டி ஸ்பீக்கர் என்றால்? அதன் கீழே உட்காரப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். எனவே கணக்குப் போட்டே வேலையைத் தொடங்குங்கள்.

எடைக் கணக்கு: ஸ்பீக்கர் 5 கிலோ, நாம் செய்யும் கிளாம்ப் சுமார் 3 கிலோ. மொத்தம் 8 கிலோ. தலைக்கு மேல் தொங்கும் பொருளுக்கு 5 மடங்கு பலம் வைப்பது நல்லது. ஆக, 40 கிலோ தாங்க வேண்டும்.

சீலிங்கைப் பாருங்கள்: இந்த முறை காங்கிரீட் கூரைக்கு மட்டுமே. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இந்த எடையைத் தாங்காது. கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் துளை போடாதீர்கள். காங்கிரீட்டிலும் ஈரம் கசிந்து, பூச்சு உப்பி, கம்பி துருப்பிடித்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

இடம்: நீங்கள் உட்காரும் இடத்தின் நேர் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ (முன்திசையிலிருந்து 90 முதல் 110 டிகிரி) ஸ்பீக்கர் வர வேண்டும். காதுக்கு 2 அடி மேலே இருப்பது சிறப்பு. ஆனால் நடப்பவர் தலையில் இடிக்கக் கூடாதே! எனவே சுவரோரமாக, அடிப்பாகம் 7 அடிக்கு மேல் இருக்கும்படி மாட்டி, உங்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஃபேன் இறக்கையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

கிளாம்ப் செய்முறை: வெல்டிங் பட்டறையில் கீழ்க்கண்டவற்றைச் செய்து வாங்குங்கள்.

1. மேல் தகடு: 15 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கனம், நான்கு மூலையிலும் துளை.

2. மேல் கிளாம்ப்: 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை 'ப' வடிவில் வளைத்து, கவிழ்த்து, தகட்டின் அடியில் வெல்டிங் செய்ய வேண்டும்.

3. தொட்டில்: அதே பட்டையில் இன்னொரு 'ப'. இது ஸ்பீக்கரின் அடியிலும் இரு பக்கங்களிலும் அணைத்து மேலே வரும். அடியில் ஒரு தகடு, முன்னால் சிறிய தடுப்பு அவசியம். இல்லாவிட்டால் சாய்க்கும்போது பெட்டி வழுக்கும்.

இரண்டையும் பக்கத்துக்கு ஒரு போல்ட், லாக் நட் போட்டு இணையுங்கள். போல்ட், பெட்டிக்கு மேலே இருக்க வேண்டும். பெட்டிக்கும் இரும்புக்கும் இடையே ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வுச் சத்தம் வராது. பெட்டியைச் சுற்றி ஒரு பெல்ட்டும் கட்டுங்கள்.

துளையிடுதல்: அந்த அறையின் மின் இணைப்பை நிறுத்திவிட்டு, வேறு அறையிலிருந்து ஹேமர் டிரில்லுக்கு மின்சாரம் எடுங்கள். ஃபேன், லைட் பாயின்டுகளுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே வயர் குழாய் ஓடலாம். அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். 8 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு போதும். துளையின் அளவும் ஆழமும் அதன் பெட்டியில் உள்ளபடி இருக்கட்டும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டுப் பூச்சு பலம் தராது. போல்ட் காங்கிரீட்டைப் பிடிக்க வேண்டும். கம்பி தட்டுப்பட்டால் அதை வெட்டாமல், தகட்டையே நகர்த்தி வேறு இடத்தில் துளையிடுங்கள். பிளாஸ்டிக் பிளக், ஸ்குரு இதற்கு வேண்டவே வேண்டாம்.

சோதனை: ஸ்பீக்கரை வைப்பதற்கு முன், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கயிற்றில் கட்டித் தொட்டிலில் தொங்கவிடுங்கள். கணக்குப் பார்த்தீர்களா? அதே 40 கிலோ! கீழே மெத்தை போட்டு, அறையைப் பூட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தகடு சீலிங்கை விட்டு இம்மியும் விலகாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் வெற்றி. விலகியிருந்தால் கழற்றி, வேறு இடம் பாருங்கள்.

கடைசியாக, வேறொரு ஆங்கர் போல்ட்டிலிருந்து ஒரு இரும்புச் சங்கிலியைத் தொட்டிலோடு இணையுங்கள். கிளாம்ப் கைவிட்டாலும் சங்கிலி பிடிக்கும்.

ஸ்பீக்கரை மாட்டி, வயரில் பிளஸ், மைனஸ் மாறாமல் ஆம்ப்ளிஃபயரில் இணையுங்கள். கம்ப்யூட்டரில் பச்சை ஜாக் முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்-ஊஃபருக்கும். பிறகு விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், பிளேபேக், கான்ஃபிகர் என்று சென்று 5.1 தேர்ந்தெடுத்து, டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் முறைக்கு ஒலிக்கும்.

ஒரு மாதம் கழித்து நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க மறக்காதீர்கள். அதன்பின் நிம்மதியாகப் படம் பாருங்கள்!