பியூரிட்டன்களும் யாழ்ப்பாணமும்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸையே தடுத்தார்களாமே? யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமுண்டா?
– ஒரு வாசகர், தேரா, துபாய்

பதில்: தடுத்தது மெய்தான். வேதத்தில் விதிக்கப்படாத பண்டிகை மானிடக் கற்பனையே என்று கருதிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார், அதைக் கொண்டாடுவோருக்கு 1659-இல் ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்து, 1681 வரை அச்சட்டத்தை வைத்திருந்தனர். ஆயினும் ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசித்தல் வேண்டுமென்ற சிரத்தையால், 1647-இலேயே ஐம்பது குடும்பமுள்ள ஊர்தோறும் ஆசிரியர் ஒருவரை நியமிக்கச் சட்டமியற்றியவர்களும் இந்தக் கடுமைக்காரர்களே.

அவர்களுடைய சபை மரபைப் பெரிதும் தழுவிய மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியையும், 1824-இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். பிற்காலத்தில் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர், அவரோ சைவர்!